டெல்ஃபினா கெடுத்தது

டெல்ஃபினாவுக்குக் கோபம் வந்தால் முதலில் காது சிவக்கும், அப்புறம்தான் வாய் திறக்கும். அந்த ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு, மாட்டுக்கறி வேகவைக்க ஒரு ஜாடி ஒயின் எடுத்துவரலாம் என்று நிலவறைக்குள் இறங்கியவளுக்கு, கடைசிப் படியிலேயே இரண்டு காதும் சிவந்துவிட்டன. உள்ளே இழைப்புளி ஓடுகிற சத்தம் கேட்டது.

பீப்பாய்த் தச்சர் ஜெலிந்தோ முட்டி போட்டு உட்கார்ந்து, அந்தப் பழைய செர்ரி மரப் பீப்பாயின் முகப்பை இழைத்துக்கொண்டிருந்தார். காலடியில் இரண்டு மூன்று சுருள் சீவல்கள் கிடந்தன.

"ஜெலிந்தோ! அத கீழ வை."

"இலாரியோதான் சொன்னாரு, டெல்ஃபினா. முகப்ப மட்டும் லேசா இழைச்சுட்டுப் பலகைய..."

"கீழ வைன்னேன். இன்னொரு இழுப்பு இழுத்தே, அதாலயே உன் மூக்க இழைச்சுவிட்டுடுவேன்."

ஜெலிந்தோ அவளோடு ஐந்தாம் வகுப்பு வரை படித்தவர். சொன்னால் செய்வாள் என்று தெரியும். இழைப்புளியைக் கீழே வைத்துவிட்டு, "நான் கூலிக்கு வந்தவன், தாயே" என்று இரண்டு கையையும் தூக்கிக் காட்டினார்.

அவள் அவரைத் தள்ளிவிட்டு முகப்பைத் தடவிப் பார்த்தாள். நல்லவேளை, வருடத்தின் கடைசி எண்ணில் பாதிதான் போயிருந்தது. மற்றதெல்லாம் அப்படியே இருந்தது. பழுக்கக் காய்ச்சிய இரும்புக் கம்பியால் சுட்டு எழுதிய, உள்ளங்கை உயர எழுத்துகள்: 'டெல்ஃபினா கெடுத்தது. 1969.'

எழுதியவர் அவளைப் பெற்ற தகப்பன், காலஞ்சென்ற ஓட்டோரினோ மரோஞ்ஞோலி.

அந்த வருடம் அவளுக்கு இருபத்து மூன்று வயது. வெரோனா பக்கத்து மரானோ மேட்டில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு திராட்சைத் தோட்டம், ஒவ்வொரு வீட்டுக் கூரைக்கடியிலும் ஒரு பரண். செப்டம்பர் கடைசியில் பறித்த பழத்தைப் பரணில் நாணல் தட்டுகளில் பரப்பி, நான்கு மாதம் காற்றில் காயவிட்டு, ஜனவரியில் பிழிவார்கள். காய்ந்த பழத்தின் சாறு தேன் மாதிரி இருக்கும். அது நுரைத்துப் பொங்கும்போதே, சர்க்கரை தீர்வதற்கு முன்னால், வேறு பீப்பாய்க்கு மாற்றிக் குளிரில் வைத்து அடக்கிவிட வேண்டும். அடக்கினால் ரெச்சோதோ, இனிப்பு ஒயின். அடக்காமல் விட்டால் சர்க்கரையை எல்லாம் தின்றுவிட்டுக் கசப்பாக நிற்கும். பள்ளத்தாக்கில் வேறு சிலர் அந்தக் கசப்பை அமரோனே என்று பெயர் சொல்லி விற்கத் தொடங்கியிருந்தார்கள். ஓட்டோரினோவுக்கு மட்டும் அது கெட்டுப்போன ரெச்சோதோ, அவ்வளவுதான்.

அந்த மேட்டில் இன்னொரு வழக்கமும் உண்டு. வீட்டில் கல்யாணம் என்றால் வாழ்த்துச் சொல்லி முதல் கிளாஸ் தூக்கும்போது அதில் அந்த வீட்டு ரெச்சோதோதான் இருக்க வேண்டும். அடுத்த வீட்டு இனிப்பைத் தன் வீட்டுக் கல்யாணத்தில் ஊற்றினவன் அப்புறம் சர்ச்சில் முன்வரிசையில் உட்கார முடியாது.

1969இல் ஈஸ்டர் முடிந்ததும் அவள் அண்ணன் இலாரியோவுக்குக் கல்யாணம். கல்யாண ஒயின் இந்தச் செர்ரி மரப் பீப்பாயில் இருந்தது. பிப்ரவரி நடுவில் ஓட்டோரினோவுக்குக் குடலிறக்கம் வந்து வெரோனா ஆஸ்பத்திரிக்குப் போனார். அறுத்துத் தைத்து, தங்கை வீட்டில் படுத்தெழுந்து, ஈஸ்டருக்கு முதல் நாள் வீடு வந்தார். நேராக நிலவறைக்குப் போய், ஏணியில் ஏறி, பீப்பாயின் வாய் திறந்து ஒரு மடக்குக் குடித்தார். முகம் கோணிப்போயிற்று. சொட்டு இனிப்பு இல்லை.

"மாத்தச் சொன்னேனே! மறந்துட்டியா?"

"மறந்துட்டேன் அப்பா."

கல்யாணத்துக்குத் தெஸ்தோலின் வீட்டிலிருந்து ரெச்சோதோ இரவல் வாங்கினார்கள். தெஸ்தோலின்! முப்பது வருடமாக வரப்புச் சண்டை நடக்கிற வீடு. வாழ்த்துச் சொல்ல எல்லோரும் கிளாஸைத் தூக்கினார்கள், குடித்தார்கள், ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மரானோக்காரன் நாக்கு அடுத்த வீட்டு ஒயினைக் கண்டுபிடிக்க ஒரு சொட்டு போதும். கல்யாணப்பெண் ஜாய்ரா கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டே அழுதாள். ஓட்டோரினோ எழுந்து நின்று, நூற்றுப் பத்துப் பேர் முன்னால், "எம் மக கெடுத்துட்டா. ஒரு பீப்பாயப் பாத்துக்கத் துப்பில்ல" என்றார். மறுநாள் கம்பியைக் காய்ச்சினார்.

அதற்குப் பிறகு அந்த ஊரில் அவளுக்குப் பெயரே 'மறதி டெல்ஃபினா' ஆகிவிட்டது. ரொட்டிக் கடையில், "சில்லறைய மறந்துடாதே டெல்ஃபினா." சர்ச்சில், "இன்னிக்கு ஞாயித்துக்கிழமைன்னு ஞாபகம் இருந்துச்சா?" அவளைக் கட்டிக்கொள்வதாக இருந்த எஜிதியோவின் அம்மா, "பீப்பாய மறக்கறவ நாளைக்குப் பிள்ளையை எங்க மறந்து வெப்பாளோ" என்று சொல்லிச் சம்பந்தத்தை முறித்தாள். எஜிதியோ தலையைக் குனிந்துகொண்டு அம்மா பின்னால் போனான். போகட்டும், அப்படிப்பட்டவன் போனது நல்லதுதான். ஆனால் போன விதம் இருக்கிறதே, அது இன்றுவரை அவளுக்கு வயிற்றெரிச்சல்.

ஒயினை வினிகருக்கு ஊற்றிவிடலாம் என்று ஓட்டோரினோ ஒவ்வொரு வருடமும் சொன்னார். ஒவ்வொரு வருடமும் வேறு வேலை வந்தது. பீப்பாய் சுவரோடு சுவராக மூலையில் கிடந்தது. ஐந்து வருடம் கழித்து வெரோனாவிலிருந்து வந்த வியாபாரி ஒருவன், குடிக்கத் தண்ணீர் கேட்டவன், பக்கத்தில் இருந்தது என்று அந்தப் பீப்பாயில் கொஞ்சம் பிடித்துக் குடித்தான். குடித்துவிட்டு உட்கார்ந்துவிட்டான். "இத யாரு செஞ்சது?" என்று கேட்டான்.

ஓட்டோரினோ ஒரு நிமிடம் யோசித்தார். "நாந்தான்" என்றார்.

அன்றிலிருந்து மரோஞ்ஞோலி வீட்டில் அமரோனே. புட்டியில் ஒட்டுகிற தாளில் 'ஓட்டோரினோ மரோஞ்ஞோலி, மகன் இலாரியோ' என்று அச்சடித்தார்கள். அந்த மகன் வருடத்தில் நான்கு முறை கூடப் பரணுக்கு ஏறியதில்லை. ஏறினால் தும்மல் வரும். ஏறினவள் டெல்ஃபினா. ஆயிரத்து இருநூறு தட்டுகள், எந்தத் தட்டில் எந்தச் சரிவின் பழம், எதில் நேற்று ஒரு கொத்து பூஞ்சை பிடித்தது, எல்லாம் தலைக்குள். மலைக்காற்று உலர்ந்து வீசினால் இருபத்தாறு ஜன்னலையும் திறக்க வேண்டும். பனிமூட்டம் ஏறினால் இருபத்தாறையும் சாத்த வேண்டும். ஜன்னல் தட்டினால் காதில் விழட்டும் என்று பரணுக்கு நேர் கீழே படுக்கை போட்டுக்கொண்டு முப்பத்தைந்து வருடம் தூங்கினாள். மறதிக்காரி!

அந்த மறதிக்காரி இப்போது பீப்பாய் முன்னால் இடுப்பில் கை வைத்து நிற்க, இலாரியோ படியிறங்கி வந்தான். நல்ல சட்டை, வாரிய தலை, கையில் காபிக் கோப்பை.

"காலங்காத்தால என்ன கூச்சல்?"

"இத அழிக்கச் சொன்னது நீயா?"

"ஆமா. மத்தியானம் அறுபது பேர் வர்றாங்க. ஜெர்மன்காரன், ஸ்விஸ்காரன், பத்திரிகைக்காரன். புதுக் கூடத்துல நடுவுல இந்தப் பீப்பாய வெக்கப்போறேன். 'கெடுத்தது'ன்னு நெத்தியில எழுதி வெச்சா எவன் வாங்குவான்? நம்ம சரக்க நாமளே கெட்டதுன்னு கூவி விக்கிற மாதிரி இருக்கும்."

"முப்பத்தஞ்சு வருஷமா அது எங்க இருந்துச்சு? உன் நெத்தியிலயா இருந்துச்சு? எம் பேரு அது."

"அட, உனக்குத்தானே நல்லது பண்றேன்! நீயே ஒரு தடவ கண்ணாடித் துண்ட வெச்சு அதச் சுரண்டப் பாத்தியே, அப்பா பாத்துட்டு அடிக்க வரலே? ஞாபகமில்லையா?"

ஞாபகமில்லாமல் என்ன? 1970இல் நடந்தது. உள்ளங்கை கிழிந்து ரத்தம் வழிந்தது. தழும்பு இப்போதும் இருக்கிறது. "அது அங்கயே இருக்கட்டும். பாக்கறப்பெல்லாம் உனக்கு உறைக்கட்டும்" என்றார் அப்பா. அந்த எழுத்தை அவள் வெறுத்த மாதிரி இந்த உலகத்தில் வேறு எதையும் வெறுத்ததில்லை. இப்போது அதைக் காப்பாற்ற ஒரு தச்சனோடும் அண்ணனோடும் மல்லுக்கு நிற்கிறாள். அவளுக்கே சிரிப்பு வந்திருக்கும், காது இவ்வளவு சூடாக இல்லாவிட்டால்.

"அப்ப அழிக்க விடல. அது கெட்ட ஒயினா இருந்த வரைக்கும் எம் பேரு இருக்கணும். நல்ல ஒயினா ஆனதும் எம் பேரு அசிங்கமாயிடுச்சு. நல்லாருக்குடா உங்க நியாயம்! அப்பனும் மகனும் சேர்ந்து எடுத்த முடிவா?"

சத்தம் கேட்டு ஜாய்ராவும் வந்துவிட்டாள், தலையில் முடி சுருட்டும் ஊசிகளோடு. ஜாய்ரா நல்லவள். நல்லவள் என்பதுதான் டெல்ஃபினாவுக்குப் பிரச்சினை. கல்யாணத்தன்று அத்தனை அழுதவள், முதல் கிறிஸ்துமஸுக்கே நாத்தனாரைக் கட்டிப்பிடித்து, "மறதி யாருக்குத்தான் வராது, நான் மனசுல வெச்சுக்கல" என்று சொன்னாள். அதன் பிறகு வருடம் தவறாமல் ஏதாவது ஒரு சாக்கில் அதைச் சொல்லிவிடுவாள்.

இப்போதும் சொன்னாள். "டெல்ஃபினா, நான் எப்பவோ மன்னிச்சாச்சு. அழிச்சா அழியட்டுமே. எல்லாருக்கும் நிம்மதி."

"எனக்கு வேணாம் அந்த நிம்மதி."

இலாரியோ கோப்பையை ஒரு பீப்பாய் மேல் வைத்தான். "சரி, இப்ப என்னதான் வேணும் உனக்கு? நீ செஞ்சது என்ன? மறந்தே. அவ்வளவுதானே! தூங்கிட்டே, நமக்கு அதிர்ஷ்டம் அடிச்சுது. தூங்கினதுக்குச் சிலை வெக்கணுமா?"

ஜெலிந்தோ தரையைப் பார்த்தார். ஜாய்ரா, "இலாரியோ" என்று மெதுவாக அதட்டினாள். டெல்ஃபினா வாயைத் திறந்தாள், ஜாய்ராவைப் பார்த்தாள், மூடிக்கொண்டாள்.

கடைசியில் ஜாய்ராதான் ஒரு வழி சொன்னாள். இழைக்க வேண்டாம், எழுத்தை மறைத்து மேலே ஒரு புதுப் பலகை அடித்துவிடலாம். இலாரியோ ஏற்கனவே ஒரு பலகை செதுக்கி வைத்திருந்தான், 'ஓட்டோரினோவின் பொறுமை' என்று. ஜெலிந்தோ நான்கு ஆணி அடித்தார். ஒவ்வொரு அடிக்கும் டெல்ஃபினாவுக்குப் பல் கூசியது. பிறகு இரண்டு ஆட்கள் காலிப் பீப்பாயை உருட்டி, பலகைச் சாய்வில் ஏற்றி, கூடத்துக்குக் கொண்டுபோனார்கள்.

அவள் ஜாடியில் ஒயின் பிடித்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள். எலும்பு மஜ்ஜையும் மிளகும் போட்டு ரொட்டித் தூளைக் கிண்டிக் கெட்டியாக்குகிற குழம்பு அடுப்பில் இருந்தது. கிண்டினாள். கரண்டி உடையாதது அதிசயம்.

தூங்கினாளாம்!

உண்மை என்னவென்று அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். 1969 ஜனவரியில் சாப்பாட்டு மேஜையில் அப்பா சொன்னார், வீடும் தோட்டமும் நிலவறையும் இலாரியோவுக்கு, டெல்ஃபினாவுக்கு ஆறு ஜோடிப் படுக்கை விரிப்பு. பதினைந்து வயதிலிருந்து அந்த நிலவறையில் முதுகு ஒடிந்தவள் அவள். அடுத்த மாதம் ஆஸ்பத்திரிக்குப் போகும்போது அப்பா நிலவறைச் சாவியை இலாரியோ கையில் கொடுத்தார். இலாரியோ அதை அவள் மடியில் போட்டுவிட்டு, கோட்டுத் தைக்க ஜாய்ராவோடு வெரோனாவுக்குப் போனான். இன்றிலிருந்து ஆறாம் நாள் தேய்பிறை, அன்று ஒயினை மாற்ற வேண்டும், மறந்துவிடாதே என்று உத்தரவு மட்டும் அவளுக்கு.

அவள் மறக்கவில்லை. தினமும் ஏணியில் ஏறினாள், வாயைத் திறந்து ருசி பார்த்தாள், இறங்குவதற்கு முன் பீப்பாயின் பின் விளிம்பில் கொடி வெட்டும் கத்தியால் ஒரு கோடு கிழித்தாள். ஆறாம் நாள் வாளியும் குழாயும் எடுத்து வைத்தாள். பெரிய பெருக்கல் குறி ஒன்று வெட்டினாள். பிறகு வாளியை எட்டி உதைத்தாள். போடா, உன் கல்யாணத்துக்கு நீயே மாத்திக்கோ. அன்று அவ்வளவுதான் நினைத்தாள். வெறும் ஆத்திரம். இனிப்பு சாகட்டும், கல்யாணத்தில் எல்லோர் வாயும் கசக்கட்டும் என்று நினைத்தாள்.

ஒன்பதாம் நாள் ருசி பார்த்தபோது ஆத்திரம் எங்கேயோ போய்விட்டது. சர்க்கரைக்கு அடியிலிருந்து வேறு ஏதோ எழுந்து வந்துகொண்டிருந்தது. காய்ந்த செர்ரி, புகையிலை, மழை பெய்த கல். இதை நிறுத்தக் கூடாது என்று நாக்குக்குத் தெரிந்துவிட்டது. குளிர் அதிகமான நாளில் நுரைப்பு சோர்ந்தது. தன் போர்வையைக் கொண்டுவந்து பீப்பாயைச் சுற்றிக் கட்டினாள். இரண்டு வாரம் அவள் போர்வையில்லாமல் படுத்தாள். சூடு ஏறினால் போர்வையைக் கழற்றிவிட்டுக் கதவைத் திறந்து வைத்தாள். பெருக்கல் குறிக்கு அப்புறம் நாற்பது கோடு. நாற்பதாம் நாள் தானாக அடங்கி, கறுப்பாக, கசப்பாக, கம்பீரமாக நின்றது. அவள் வாழ்க்கையில் செய்த முதல் ஒயின் அது.

அப்பா "மறந்துட்டியா?" என்று கேட்டபோது ஏன் அந்தப் பொய்? வேண்டுமென்றே செய்தேன் என்று சொல்லியிருந்தால் அன்றைக்கே வாசலில் நின்றிருப்பாள். மறந்தவளைத் திட்டுவார்கள், வீட்டில் வைத்துக்கொள்வார்கள். அப்புறம் ஜாய்ரா மன்னித்துத் தொலைத்தாள். மன்னித்தவளிடம் போய், "உன் கல்யாணத்தைக் கெடுக்கத்தான் ஆரம்பித்தேன்" என்று எப்படிச் சொல்வது? சொல்லாமல் விட்டாள். சொல்லாமல் விட்டதால் ஒயின் இலாரியோவுடையது ஆயிற்று. அதற்கு அவள் தன்னையும் சேர்த்துத்தான் திட்டிக்கொண்டாள், குழம்பு அடி பிடிக்கிற வரைக்கும்.

மத்தியானம் கூடம் நிறைந்தது. மொழிபெயர்க்க ஒரு பெண்ணை ஏற்பாடு செய்திருந்தார்கள். நடுவில் பீப்பாய், அதன் மேல் வெள்ளைத் துணி, துணி மேல் கிளாஸ்கள். இலாரியோ கழுத்துப் பட்டையைச் சரிசெய்துகொண்டு கதையை ஆரம்பித்தான். டெல்ஃபினா கறித் தட்டோடு வாசலில் வந்து நின்றாள்.

"என் கல்யாணத்துக்கு முன்னால, எங்கப்பா இந்தப் பீப்பாய் மேல கை வெச்சு சொன்னாரு, 'இலாரியோ, இத அவசரப்படுத்தாதே. காத்திரு.' அந்த ஒரு வார்த்தைக்காக எங்க கல்யாணத்துல எங்க வீட்டு ரெச்சோதோ இல்லாமப் பண்ணினோம். ஜாய்ரா அதத் தாங்கிக்கிட்டா..."

எல்லோரும் ஜாய்ராவைப் பார்த்துச் சிரித்தார்கள். ஜாய்ராவும் சிரித்தாள். சிரிக்காமல் என்ன செய்வாள்?

முன்னால் நின்ற ஸ்விஸ் அம்மாள், நரைத்த தலை, வியாபாரம் தெரிந்த கண், ஏதோ கேட்டாள். மொழிபெயர்க்கிற பெண் சொன்னாள்: "அந்தச் சமயத்துல பீப்பாயப் பாத்துக்கிட்டது யாருன்னு கேக்கறாங்க."

"யாருமில்ல!" என்றான் இலாரியோ, இரண்டு கையையும் விரித்து. "அதுதான் அழகே. யாரும் கை வெக்கல. தானா ஆச்சு."

கறித் தட்டு பக்கத்து மேஜையில் டங்கென்று விழுந்தது.

"தானா ஆச்சா?" டெல்ஃபினா உள்ளே நடந்து வந்தாள். குழம்பு தெறித்த மேலுடுப்பு, ரத்தச் சிவப்பாக இரண்டு காது. "பொலெந்தாக் கூழு தானா கிண்டிக்கிச்சு, துணி தானா தொவைச்சுக்கிச்சு, ஒயின் தானா ஆச்சு! இந்த வீட்டுல எல்லாமே தானாத்தான் ஆகுது, இல்ல? கையே கிடையாது எங்களுக்கு."

"டெல்ஃபினா, இப்ப வேணாம்," இலாரியோ பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தான். விருந்தாளிகள் பக்கம் திரும்பி, "என் தங்கச்சி. அன்னிக்கு ஒயின மாத்த மறந்தவ. எங்க அதிர்ஷ்ட தேவதை" என்றான்.

அதுதான் அவன் செய்த தப்பு. அதைச் சொல்லாமல் இருந்திருந்தால் ஒருவேளை அவள் ஜாய்ராவின் முகத்தைப் பார்த்துவிட்டு அடங்கியிருப்பாள்.

"பின்னால வாங்க," என்றாள் ஸ்விஸ் அம்மாளிடம், முழங்கையைப் பிடித்து. "எல்லாரும் வாங்க. முன்பக்கத்த எத்தன நாளு பாப்பீங்க? முப்பத்தஞ்சு வருஷம் இது சுவர்ப் பக்கம் இருந்துச்சு, இன்னிக்குத்தான் வெளிய வந்துருக்கு. விளிம்ப தடவிப் பாருங்க. எண்ணுங்க."

அந்த அம்மாள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தாள். தூசு அப்பிய விளிம்பில் ஆறு கோடு. ஒரு பெருக்கல் குறி. அப்புறம் கோடு கோடாக, நெருக்கமாக. அவள் விரலை வைத்து எண்ணினாள். கூட்டம் நெருங்கி வந்தது.

"ஆறாம் நாளு மாத்தச் சொன்னாங்க. மாத்தல. அதுக்கப்புறம் நாப்பது நாளு, நாளுக்கு ஒரு கோடு. தினம் ஏறி ருசி பாத்தேன். என் போர்வைய எடுத்து இதுக்குக் கட்டினேன். மறந்தவ நாளு எண்ணுவாளாடா, இலாரியோ? தூங்கினவ ஏணியில ஏறுவாளா?"

இலாரியோ விளிம்பைப் பார்த்தான். ஒரு கோட்டை நகத்தால் சுரண்டினான்.

அடுத்துப் பேசியது ஜாய்ரா. கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தவள், கோடுகளைப் பார்க்கவில்லை, நாத்தனாரைத்தான் பார்த்தாள்.

"அப்ப உனக்குத் தெரியும்."

"தெரியும்."

"ஏழாம் நாளாவது மாத்தியிருக்கலாம். இனிப்பு இருந்திருக்கும்."

"இருந்திருக்கும்."

"வேணும்னே விட்டே."

டெல்ஃபினா இந்த இடத்துக்குப் பயந்துதான் முப்பத்தைந்து வருடம் வாயை மூடிக்கொண்டிருந்தாள். இனி மூட வழியில்லை.

"மொதல்ல கோவத்துலதான் விட்டேன். உங்க கல்யாணம் கசக்கட்டும்னுதான் விட்டேன். ரெண்டு மூணு நாளு. அப்புறம் ஒயினுக்காக விட்டேன்."

"தெஸ்தோலின் வீட்டு ஒயின கையில வெச்சுக்கிட்டு அத்தன பேர் முன்னால அழுதேனே நான்! என் கல்யாணப் போட்டோவுல ஒண்ணுலகூட என் மூஞ்சி சிரிக்கல. நீ மறந்துட்டேன்னு நெனச்சு, பாவம்னு நெனச்சு, வருஷா வருஷம் உன்ன மன்னிச்சேன்!"

"உன்ன யாரு மன்னிக்கச் சொன்னா? மன்னிக்காதே, ஜாய்ரா. கோவிச்சுக்கோ. மறந்தவள மன்னிக்கலாம். செஞ்சவ மேலதான் கோவப்பட முடியும்."

ஜாய்ரா கையை ஓங்கினாள். ஓங்கிய கையை இறக்கினாள். பிறகு அவள் யாரும் எதிர்பாராத ஒன்றைச் செய்தாள். கதவோரம் கிடந்த ஜெலிந்தோவின் பையிலிருந்து ஆணி பிடுங்கும் சுத்தியலை எடுத்துக்கொண்டு பீப்பாயின் முகப்புக்குப் போனாள். 'ஓட்டோரினோவின் பொறுமை'க்குக் கீழே அதன் நாக்கைக் கொடுத்து நெம்பினாள். மேலே இருந்த கிளாஸ்கள் ஒன்றோடொன்று மோதி, நாலைந்து தரையில் விழுந்து உடைந்தன.

"ஐயோ ஜாய்ரா, என்ன பண்ற!" என்று இலாரியோ பாய்ந்தான்.

"நீ தள்ளு. உனக்கும் இருக்கு அப்புறம். தாங்கிக்கிட்டாளாம், தாங்கிக்கிட்டா!"

பலகை பிளந்துகொண்டு வந்தது. அதைத் தரையில் எறிந்துவிட்டு, அறுபது பேரையும் பார்த்து, அந்தக் கருகிய எழுத்துகளைச் சுத்தியலாலேயே காட்டினாள்.

"பாருங்க! நல்லாப் பாருங்க! இவதான் கெடுத்தா. மறந்துபோய் இல்ல. தெரிஞ்சு, தினம் வந்து நின்னு, வேணும்னே கெடுத்தா!"

மொழிபெயர்க்கிற பெண் தயங்கினாள், பிறகு ஒரு வார்த்தை விடாமல் ஜெர்மனில் சொன்னாள். ஸ்விஸ் அம்மாள் தன் கையிலிருந்த கிளாஸைப் பார்த்தாள், ஒரு மடக்குக் குடித்தாள், மெதுவாக ஏதோ கேட்டாள்.

"அப்ப, இந்த வீட்டு ஒயின மொதல்ல செஞ்சது இவங்கதானான்னு கேக்கறாங்க."

இலாரியோ வாயைத் திறந்தான். ஜாய்ரா முந்திக்கொண்டாள்.

"இவதான்! வேற யாரு? இவன் அப்ப கோட்டு தெச்சுக்கிட்டிருந்தான்."

சுத்தியலைப் போட்டுவிட்டு, மூக்கை உறிஞ்சிக்கொண்டு சமையலறைப் பக்கம் போய்விட்டாள். கூடத்தில் யாரோ சிரித்தார்கள், யாரோ கைதட்டினார்கள், பத்திரிகைக்காரன் எழுத்துகளைப் போட்டோ எடுத்தான். டெல்ஃபினா யாரையும் பார்க்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே பள்ளத்தாக்கிலிருந்து பனிமூட்டம் ஏறத் தொடங்கியிருந்தது. மேலுடுப்பில் கையைத் துடைத்துக்கொண்டு, இருபத்தாறு ஜன்னலையும் சாத்தப் பரணுக்கு ஏறினாள். வழியில் காதைத் தொட்டுப் பார்த்தாள். சூடு இறங்கியிருந்தது.

அதற்குப் பிறகு அந்தப் பலகையை யாரும் திரும்ப அடிக்கவில்லை. ஜாய்ரா அவளோடு கிறிஸ்துமஸ் வரைக்கும் ஒரு வார்த்தை பேசவில்லை. தட்டை நகர்த்தி வைப்பாள், முகத்தைத் திருப்பிக்கொள்வாள். முப்பத்தைந்து வருட மன்னிப்பைவிட அந்த மூன்று மாதக் கோபம் டெல்ஃபினாவுக்கு மரியாதையாக இருந்தது.